நேர்ந்து வைத்த தேங்காய்

என் மகள் பிறந்த கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மாமி சொன்னால் அது முழுக்கப் பிள்ளையார் செய்த காரியம். எங்களை ஏற்றிப்போன லொறிக்காரரைக் கேட்டால் அந்தோனியார். அவருடைய அக்காவைக் கேட்டால் மடுமாதாவைத் தவிர அந்தப் பக்கம் வேறு ஒருவரும் வரவேயில்லை. என் கணவரோ, தான் சைக்கிளில் ஓடிப்போய் லொறியை மறித்திராவிட்டால் இந்தத் தெய்வங்கள் எல்லாம் என்ன செய்திருக்கும் என்று கேட்பார். பெற்றவள் நான். என்னை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன், இடையில் யாரும் வாய் வைக்கக்கூடாது.

அறுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிக்கும் வழியில்லாத எங்களுக்கு விசுவமடுப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்தது. வீட்டில் மூன்று பேர்: என் கணவர், அவரைப் பெற்ற மாமி, நான். நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள். அந்தத் திமிர் எனக்கு இருக்கிறது என்று மாமி குடியேற்றம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அது பொய்யுமில்லை. மாமி சுத்த சைவம். பக்கத்து வளவில் மீன் பொரித்தால் இங்கே குசினி யன்னலைச் சாத்துவார். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் காற்றுக்கும் ஏச்சு விழும்.

ஆசுப்பத்திரிக்குப் போவதென்றால் காட்டை ஊடறுத்துப் போகிற றோட்டால்தான் போகவேண்டும். காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலை மரம், அதன் கீழே ஒரு பிள்ளையார். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, ஐயரும் இல்லை. ஒரு கல்லும் ஒரு விளக்கும், அவ்வளவுதான். ஆனால் அவருக்குச் சொல்லாமல் ஒருவரும் காட்டுக்குள் போவதில்லை. நடந்து போகிறவர்கள் ஒரு குழையை முறித்து அவருக்கு முன்னால் கட்டிவிட்டுப் போவார்கள். வண்டிக்காரர்கள் கர்ப்பூரம் கொளுத்துவார்கள். பெரிய காரியத்துக்குப் போகிறவர்கள் தேங்காய் உடைப்பார்கள். பஸ் டிரைவர் தப்பித்தவறி நிற்பாட்டாமல் போனால் உள்ளே இருக்கிற சனம் அவரைச் சும்மா விடாது. யானை, கரடி, பாம்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம்.

என் முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது என் கணவர் என்னை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மாடுகளை அடித்து விரட்டிக்கொண்டு போனார். பாலை மரம் வந்ததும் வண்டிக்குள் இருந்த மாமி, நிற்பாட்டு தம்பி, தேங்காய் உடைக்கவேண்டும் என்று கத்தினார். அவர் நிற்பாட்டவில்லை. நான் போட்ட கூச்சலில் அவருக்குத் தாயும் கேட்கவில்லை, பிள்ளையாரும் தெரியவில்லை. பிள்ளை பிறந்தது. அழவில்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் படித்தவள், டாக்டர் சொன்னதை நம்பினேன். நம்புகிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். மாமி தன் மகனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் கணவர் அந்த மரத்தைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார். கும்பிடமாட்டார். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போவார்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கி ஐந்தாம் மாதம் நடக்கும்போது மாமி யாழ்ப்பாணம் போய் ஒரு தேங்காயோடு திரும்பி வந்தார். சாதாரணத் தேங்காய் இல்லை. எங்கள் பழைய வளவில் காய்த்தது, தேர்ந்தெடுத்துப் பிடுங்கி, குடுமி விட்டு உரித்தது. இது பிள்ளைக்கு நேர்ந்தது, ஆசுப்பத்திரிக்குப் போகும்போது என் கையால் அவருக்கு உடைப்பேன், இந்தத் தரம் ஒருவரும் என்னைக் கடந்து போக விடமாட்டேன் என்றார். அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மஞ்சள் துணியில் கட்டி, எலிக்கு எட்டாத உயரத்தில் குசினி உறியில் தொங்கவிட்டார்.

எங்கள் குடியேற்றத்தில் அப்போது தென்னம்பிள்ளைகள் எல்லாம் முழங்கால் உயரம். தேங்காய் சந்தையிலிருந்து வரவேண்டும், மழை பிடித்தால் அதுவும் வராது. எனக்கோ வேறொன்றும் வாய்க்குப் பிடிக்கவில்லை. செத்தல் மிளகாய் வைத்து இடித்த தேங்காய்ச் சம்பலைத்தான் வாய் கேட்டது. தலைக்கு மேலே தேங்காய் தொங்க, கீழே இருந்து நான் சோற்றுக்குப் புளியைக் கரைத்துச் சாப்பிட்டேன். ஒருநாள் அதை அண்ணாந்து பார்த்து, நீர் அங்கே சும்மாதானே தொங்குகிறீர் என்று சொன்னது மாமிக்குக் கேட்டுவிட்டது. பின்னேரம் பார்க்கிறேன், உறி இன்னும் ஒரு முழம் மேலே போயிருந்தது.

மாதங்கள் போகப் போக எனக்கு வேறு கவலை வந்தது. தேங்காய் என்றால் எத்தனை நாளைக்கு இருக்கும்? குசினிப் புகையிலும் மழை ஈரத்திலும் தொங்குகிற தேங்காய் உள்ளே என்ன கதியாகியிருக்கும்? அழுகல் தேங்காய் உடைந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகப் பேசிய கல்யாணத்தையே நிற்பாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் வாய் விட்டே கேட்டேன்.

"மாமி, அது இப்ப உள்ளுக்கை அழுகியிருக்கும். ஆட்டிப் பாத்திட்டு வேறை ஒண்டு மாத்தி வையுங்கோ."

"நேர்ந்ததை மாத்திறதோ? அதுக்குப் பேர் நேர்த்தியில்லைப் பிள்ளை, யாவாரம்."

ஆட்டிப் பார்க்கவும் சம்மதிக்கவில்லை. அவருக்கென்று வைத்ததை ஆட்டிப் பார்த்தால் அது அவரையே சந்தேகப்படுவதாம். அழுகல்தான் என்று நான் சொல்ல, பார்ப்போமே என்று அவர் சொல்ல, அந்தத் தேங்காய் எங்கள் இருவருக்கும் ஒரு பந்தயமாகவே ஆகிவிட்டது.

நாள் நெருங்கியதும் பரந்தனில் ஒரு கார் பிடித்து, ஆற அமரப் போய், ஆற அமரத் தேங்காய் உடைத்து, ஆசுப்பத்திரியில் முன்கூட்டியே படுப்பதாகத் திட்டம். வயிற்றில் இருந்தவளுக்கு யாரும் திட்டத்தைச் சொல்லவில்லைப் போல. மாரி மழை, மத்தியானம், அடுப்பில் சோறு கொதிக்கிறது, எனக்கு இடுப்பில் பிடித்தது. வண்டிச் சில்லு திருத்தக் கழற்றியிருந்தது. என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய றோட்டுக்கு ஓடினார், முதலில் வருகிற வாகனத்தைக் கொண்டுவருகிறேன் என்று.

முதலில் வந்தது வாடை. பிறகு இரைச்சல். பிறகுதான் லொறி வந்தது. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் கருவாடு ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற லொறி. ஓட்டி வந்தவர் கரையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரர். கருவாட்டுக்குச் சொந்தக்காரி, அவருடைய அக்கா, முன் சீற்றில் இருந்தார்.

மாமி தேங்காய் போட்ட ஓலை உமலோடு வாசலில் நின்றார். லொறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏறு பிள்ளை என்றார். அவருடைய வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமிருக்கவில்லை.

முன்னால் டிரைவரும் மாமியும். மாமியின் மடியில் தேங்காய், மூக்கு யன்னலுக்கு வெளியே. பின்னால் தார்ப்பாய்ப் படங்கின் கீழே கருவாட்டுச் சாக்குகளுக்கு மேல் பாய் விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் அந்த அக்கா. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என் கணவர். அக்கா நல்ல வாட்டசாட்டமான மனுசி. எத்தனை பிள்ளை என்று கேட்டால், செத்ததையும் சேர்த்தோ என்று திருப்பிக் கேட்கிறவர். தன் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றி எனக்குப் போட்டு, மாதாவே என்று சொல்லு தங்கச்சி என்றார். எனக்கு மூச்சில்லை, நீங்களே கூப்பிடுங்கோ என்றேன். அவர் மாதாவில் தொடங்கித் தனக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் வரிசையாகக் கூப்பிட்டார். நான் நடுவில் என் அம்மாவைக் கூப்பிட்டேன். பின்பலகையில் தொங்கிக்கொண்டு வந்த மனுசனையும் கூப்பிட்டேன், ஆனால் அது உதவிக்கு இல்லை. என்ன சொல்லி ஏசினேன் என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை.

முன்னால் வேறொரு சண்டை தொடங்கியிருந்தது. மாமிக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்துவிட்டது: கருவாட்டு லொறியைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்பாட்டலாமா? அவருக்குத் தேங்காய் உடைக்காமலும் போகமுடியாது, இந்த வாடையோடு கிட்டப் போகவும் முடியாது.

"அம்மா, நான் போகேக்கையும் வரேக்கையும் இதோடைதான் நிண்டு குழை கட்டிப்போட்டுப் போறனான்" என்றார் டிரைவர். "அவருக்கு இருக்கிற மூக்குக்கு, பிடிக்காட்டி எப்பவோ சொல்லியிருப்பார்."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி சிரிக்கவில்லை. மரத்துக்கு இந்தப் பக்கம் மதகடியில் லொறியை நிற்பாட்டுவது, தான் மட்டும் இறங்கி நடந்துபோய் உடைத்துவிட்டு வருவது என்று தீர்ப்புச் சொன்னார்.

மதகு வந்தது. நான் கத்தினேன், நிற்பாட்ட வேண்டாம், ஓடுங்கோ என்று. என் கணவர் பின்பலகையில் ஓங்கி அடித்தார், நிற்பாட்டுங்கோ என்று. போன தரம் நிற்பாட்டாத மனுசன். டிரைவர் நிற்பாட்டினார். மாமி மழைக்குள் இறங்கி, வெறுங்காலோடு, தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவது படங்கின் இடுக்கால் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் எனக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். பயம். வெறும் பயம். கொஞ்ச நேரமாகப் பிள்ளை அசைவதாக எனக்குத் தெரியவில்லை. முதல் பிள்ளையும் இப்படித்தான் அடங்கியது. அக்கா முக்கு முக்கு என்கிறார். நான் முக்கவில்லை. முக்கினால் பிறந்துவிடும், பிறந்தால் அழாது, அழாததைப் பார்க்க என்னால் முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஆசுப்பத்திரி வரட்டும் என்று பொய்க்குச் சொன்னேன். உண்மையில் நான் காத்துக்கொண்டிருந்தது அந்தத் தேங்காய்க்கு. டாக்டரை நம்பியவள், எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள், கருவாட்டுச் சாக்கில் கிடந்து ஒரு தேங்காய் எப்படி உடையும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அது அழுகல் என்று மாதக்கணக்காகச் சொன்னதும் நான்தான்.

மாமி திரும்பி வந்தார். முன் சீற்றுக்குப் போகவில்லை. நேரே பின்னால் வந்து, என் கணவர் கைகொடுக்க, பலகையைத் தாண்டிச் சாக்குகளுக்கு மேல் விழுந்து, தவழ்ந்து வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மூக்கைப் பொத்தவில்லை. முகமெல்லாம் மழைத்தண்ணீர். கையில் ஏதோ ஒரு கெட்ட வாடை. அந்த லொறிக்குள் எந்த வாடை எதனுடையது என்று யார் கண்டது.

"மாமி, தேங்காய்?"

"வெள்ளை வெளேரெண்டு உடைஞ்சுது பிள்ளை. சரி பாதியாய். உள்ளுக்கை பூவும் இருந்தது. இனி ஒண்டுக்கும் பயப்பிடாதை. முக்கு."

தேங்காய்க்குள் பூ இருந்தால் அதைவிட நல்ல சகுனம் எங்களிடம் இல்லை. நான் பந்தயத்தில் தோற்றுப்போனேன். வாழ்க்கையில் வேறெதிலும் தோற்று அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. அழுதேன், பிறகு முக்கினேன். லொறி குலுங்கக் குலுங்க, மாமி பிள்ளையாரைக் கூப்பிட, அக்கா மாதாவைக் கூப்பிட, டிரைவர் முன்னாலிருந்து அந்தோனியாரைக் கூப்பிட, காட்டு றோட்டின் நடுவில் என் மகள் பிறந்தாள். பிறந்ததும் தொண்டை கிழிய அழுதாள். அவள் அழுத அழுகையில் என் கணவர் பின்பலகையைப் பிடித்தபடி தானும் அழுதார். அக்கா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவளைச் சுற்றினார்.

ஆசுப்பத்திரியில் நேர்ஸ் அம்மா சேலையை விரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இது பிள்ளை பெற்ற வாடையா, கருவாடு கட்டின வாடையா என்று கேட்டார். தாய், பிள்ளை, மாமி மூன்று பேரையும் குளிப்பாட்டியும் அது போக இரண்டு மூன்று நாள் எடுத்தது. மாமி அதைப்பற்றி ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. அதன் பிறகு அந்த அக்கா எங்கள் பக்கம் வந்தால் மாமியே கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் இருந்து கதைப்பார். பக்கத்து வளவில் மீன் பொரித்தாலும் யன்னல் திறந்தபடி கிடக்கும்.

ஆனால் வேறொரு வில்லங்கம் தொடங்கியது. பிள்ளை பிறந்ததிலிருந்து மாமி தேங்காய் சாப்பிடுவதை விட்டுவிட்டார். சம்பல் வேண்டாம், சொதி வேண்டாம், தேங்காய்ப்பால் விட்ட கறி வேண்டாம், துருவிய தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் வேண்டாம். கேட்டால் இழுப்பு வருகிறதாம். யாழ்ப்பாணத்துச் சமையலில் தேங்காயை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? நான் எங்கள் இருவருக்கும் ஒரு சட்டி, மாமிக்குப் பாலில்லாமல் ஒரு சட்டி என்று இரண்டிரண்டாக வைத்தேன். புகைக்குள் இருந்து இரண்டு தரம் கத்தரிக்காய் வதக்கிப் பார்த்தால் தெரியும் என் எரிச்சல். அவர் ஒரு நாளும் மூச்சு இழுத்து நான் கண்டதில்லை. இந்த மனுசிக்கு வயது போகப் போக நொட்டை கூடுகிறது என்று என் கணவரிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். மாமிக்கும் கேட்கட்டும் என்று உரத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

மகளுக்கு ஏடு தொடக்குகிற வயது வந்தது. வேறெங்கே போவது, பாலை மரத்தடிக்குத்தான் போனோம். என் கணவர் தேங்காயை உடைத்தார். நல்ல வெள்ளையாக உடைந்தது. நான் துண்டு துண்டாக, சொட்டுகளாகக் கீறி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தேன். மாமி கையை நீட்டவில்லை.

எனக்கு வந்ததே கோபம். வீட்டில்தான் நொட்டை என்றால் பிள்ளையாரின் பிரசாதத்துக்குமா? ஒரு சொட்டுத் தேங்காயில் இழுப்பு வந்து செத்துப்போவீர்களா என்று மரத்தடியில் நின்று கேட்டுவிட்டேன். என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளடிக்கு நழுவிவிட்டார். மாமி பிள்ளையாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவருக்கு முன்னாலை ரெண்டாந்தரம் பொய் சொல்லேலாது பிள்ளை. எனக்கு இழுப்புமில்லை, ஒண்டுமில்லை. அண்டைக்கு உடைஞ்சது அழுகல்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். உடைத்ததும் கறுப்புத் தண்ணீர் கையில் ஓடியதாம். அந்த நாற்றத்தில் அப்படியே மரத்தடியில் இருந்துவிடலாம் போல இருந்ததாம். மழையில் கையைக் கழுவக் கழுவப் போகவில்லையாம். லொறியில் கருவாடு இருந்தபடியால்தான் நான் மணந்து பிடிக்கவில்லையாம்; இவ்வளவு காலமும் மூக்கைப் பொத்திக் கருவாட்டை ஏசியது தன் பிழை என்று அன்றைக்கே தனக்கு விளங்கிவிட்டதாம்.

"அப்ப ஏன் மாமி வெள்ளையெண்டு சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொல்லியிருந்தால் நீ முக்கியிருப்பியோ?"

 இல்லை. முக்கியிருக்கமாட்டேன். அது அவருக்கு அந்த மரத்தடியிலிருந்து மதகடிக்கு நடந்து வருவதற்குள் விளங்கியிருக்கிறது.

"பூவும் இருந்ததெண்டு சொன்னீங்களே."

"பொய் சொல்ல வெளிக்கிட்டால் வடிவாச் சொல்லவேணும்."

பொய் சொன்ன வாய் என்னுடையது, குற்றத்தைப் பிள்ளையில் வைக்காதேயும், என் வாயில் வையும் என்று லொறிக்குள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டே பிள்ளையாரிடம் கேட்டாராம். கேட்டுவிட்டு வாயைச் சும்மா வைத்திருக்க முடியுமா? தேங்காயை விட்டார். எதுவரைக்கும் என்று கேட்டேன். தான் இருக்கும்வரைக்கும் என்றார். அதுதான் பிள்ளை நன்றாக இருக்கிறாளே, இனியாவது விடுங்கோ என்று ஒரு சொட்டை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், உறியில் தொங்கிய அந்தத் தேங்காயை மாற்றச் சொன்ன நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

"அழுகலைக் குடுத்தும் பிள்ளையைத் தந்தவர்" என்றார். "அவருக்குச் சொன்ன சொல்லை மாத்தலாமோ?"

இவ்வளவு காலமும் அவர் ஊரெல்லாம் இது பிள்ளையார் செய்த காரியம் என்று சொன்னதை நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீட்டிய சொட்டைத் திருப்பி மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மத்தியானம் ஒரு சட்டிதான் வைத்தேன். கத்தரிக்காயும் பருப்பும், இரண்டும் பாலில்லாமல். என் கணவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன, தேங்காய் முடிஞ்சுதோ?"

மாமி சாப்பாட்டை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கும் இழுப்புத் தொடங்கியிட்டுது" என்றேன்.

 மாமி சாப்பாட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளி, இன்னும் ஒரு அகப்பை கறி கேட்டார்.